விரல் அசைவுக்குக் காப்புரிமை தகுமா?

கேள்வி (காரைக்குடி): கண்டாங்கிச் சேலையின் கரையை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுடன், கடை ஒன்றுக்குச் செயலி எழுதி வருகிறேன். இத்தகைய விரல் அசைவுகளுக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை (பேட்டன்ட்) கோருவது முறைதானா?

பதில் (தேவகோட்டை): முறையன்று, தம்பி. இரு விரலால் திரையுருவை மாற்றும் உத்தியை அமெரிக்கக் கணினிக் கலைஞர் மைரன் க்ரூகர் 1980களிலேயே செய்துகாட்டிவிட்டார். திரையைத் தள்ளிப் பூட்டுத் திறக்கும் உத்திக்கு ஆப்பிள் பெற்றிருந்த காப்புரிமையை, நியோநோடு கைப்பேசியில் அவ்வசதி முன்பே இருந்ததைச் சுட்டி, 2012இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அமெரிக்காவிலோ 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே உத்திக்காக சாம்சங்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, நாட்டுக்கொரு நியாயம்!

பதில் (பள்ளத்தூர்): ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடே. அசைவு வேறு, அதை உணரும் நுட்பம் வேறு. திரையில் பட்டது விரல்நுனியா, உள்ளங்கையா, ஈரத்துளியா என்று பிரித்தறியும் மின்சுற்றை உழைத்து உருவாக்கியவருக்கு 20 ஆண்டு உரிமை தருவதில் பிழையில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவும் வெறும் கணினி நிரல் போன்றவற்றைத்தான் விலக்குகிறது.

பதில் (தேவகோட்டை): மின்சுற்றுக்குக் கொடுங்கள், மறுக்கவில்லை. 2019இல் கண்டாங்கி பெற்ற புவிசார் குறியீடு அவ்வட்டார நெசவாளர் அனைவருக்கும் பொது. காப்புரிமையோ மற்றவர் கையைக் கட்டிவிடுகிறது.