பழைய மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு: எடுத்தவர்கள் சொல்லுங்கள்

தோள்கேமரா:

2000களில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பானாசோனிக் எம்.டி.10000, தோளில் வைத்து எடுக்கிற கேமரா. கேசட்டை அழித்து அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போடுவதுதான் தொழில் வழக்கம். சொந்தக்காரர்கள் விசேஷத்தை மட்டும் அழிக்க மனசு வரவில்லை, பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். இப்போது தங்கையின் இருபதாவது கல்யாண நாளுக்குப் பத்து நிமிடப் படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"விசிடி இருக்கிறதே மாமா" என்றார்கள். விசிடியில் படம் 352க்கு 288 புள்ளிதான். கேசட்டில் 720க்கு 576. இன்றைய பெரிய திரையில் விசிடியைப் போட்டால் மாப்பிள்ளை யார், தோழன் யார் என்று பந்தயம் கட்டலாம்.

ஒரு கடையில் விசாரித்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகி யூஎஸ்பி கேப்சர் குச்சியில் பிடித்து எம்பி4 ஆகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். மினி டிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்கி, மேலே ஒரு முறை நசுக்குவது எதற்கு? ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வயர் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள தரவு அப்படியே ஃபைலாக இறங்கும். சோனி கேமராக்களில் அதற்கு ஐ.லிங்க் என்று பெயர் போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி அளவுக்கு வரும், எடுக்கவும் ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக இறக்க வழி கிடையாது.

கேமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது மெமரி கார்டு போட்டோவுக்கு மட்டும், இல்லையென்றால் மங்கலான வெப்கேம் படத்துக்கு.

பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டு, விண்டோஸ் 10-ல் 'லெகசி' டிரைவரைத் தனியாக நிறுவிய பிறகுதான் கேமராவைக் கண்டுகொண்டது. மென்பொருள் வின்டிவி (WinDV), இலவசம். நெடுநாள் கிடந்த கேசட்டை உடனே பிளே செய்யாமல், முதலில் கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் பிளே செய்தேன். நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்கும் கிளீனர் கேசட்டைச் சில நொடிகள் மட்டும் ஓட்டியதும் சரியானது. அதை அதிகம் ஓட்டினால் ஹெட் தேயும்.

இன்னொன்று. டேப்பில் படத்தோடு எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும், வின்டிவி அதை வைத்தே ஃபைல்களைப் பிரித்துப் பெயர் போடும். தாலி கட்டியது குறித்த முகூர்த்தம் முடிந்து ஆறு நிமிடம் கழித்து என்று இப்போதுதான் தெரிந்தது. அய்யர் இப்போது இல்லை, தங்கையிடமும் சொல்லவில்லை.

பரண்வீட்டுப்பையன்:

அண்ணே, எங்கள் வீட்டுக் கதை வேறு. அப்பா சிக்கனம் பார்த்து எல்லாவற்றையும் எல்பியில், அதாவது டேப்பை மெதுவாக ஓட்டும் முறையில் எடுத்து வைத்திருக்கிறார், 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம். வழக்கமான வேகமான எஸ்பியில் தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்பியில் 6.7தான். இரவல் வாங்கிய கேமராவில் போட்டால் சத்தம் விட்டு விட்டு வந்தது, படம் பாதி கட்டங்களாக நின்றது. பரணிலிருந்து அப்பாவின் பழைய ஹேண்டிகேமையே இறக்கினேன். பேட்டரி செத்துவிட்டது, ஆனால் அடாப்டர் செருகியதும் ஓடியது. அதே கேசட் அதில் சுத்தமாக வந்தது. எல்பி என்றால் எடுத்த கேமராவையே தேடுங்கள். எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை.

ஒலி 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. 48-க்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் போட்டேன்.

ஆப்பிள்_தோட்டம்:

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்டர்போல்ட் 3-லிருந்து 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800, அங்கிருந்து கேமராவின் 4 பின் வயர் என்று அடாப்டர்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு வேலை செய்தது. ஆனால் 2025-ல் வந்த மேக் ஓஎஸ் 26-ல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அப்டேட் பட்டனை அழுத்துவதற்கு முன் கேசட்டுகளை முடித்துவிடுங்கள். ஃபயர்வயர் துளையுள்ள பழைய லேப்டாப் கிடைத்தால் லினக்ஸ் போட்டு டிவிகிராப் (dvgrab) என்ற கட்டளையில் எடுக்கலாம், அது இதைவிட நிம்மதி.

மலைக்கோட்டை:

எடுத்தாயிற்று. எடிட்டிங்கில் போட்டால் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதே, டேப் கெட்டுவிட்டதா?

தோள்கேமரா:

கெடவில்லை தம்பி. அது இன்டர்லேஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஒன்று விட்டு ஒரு கோடாக இரண்டு ஃபீல்டு, மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டுதான் முதலில். மென்பொருளில் அதை மேல் ஃபீல்டு என்று வைத்திருந்தால் படம் முன்னும் பின்னும் குதிக்கும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் bwdif ஃபில்டர் போட்டு 50 ஃபிரேமாக விரித்தேன், நாதஸ்வரக்காரர் விரல் ஓட்டம் வழுக்கிக்கொண்டு வந்தது. பலர் 25 ஆகச் சுருக்கிவிடுகிறார்கள், அதில் பாதி அசைவு போய்விடும். இறக்கிய மூல ஃபைலை மட்டும் அழிக்காமல் இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் வையுங்கள்.

மலைக்கோட்டை:

நன்றி அண்ணே. ஹை8 கேசட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு இந்த வழி ஆகுமா?

தோள்கேமரா:

ஹை8 அனலாக், நேரடியாக ஆகாது. ஆனால் சோனி 1999-ல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் ஹை8 கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயரிலேயே டிஜிட்டலாக வெளியே தரும். எல்லா மாடலும் தராது, அதனால் வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை இங்கே போடுங்கள்.