அவசரம்: விமானம் வெள்ளையா பூத்துருச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்

திருநகர்_தினா (வியாழன், இரவு 11:40)
எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா உக்காந்து பிளாஸ்டிக் கிட்டுல செஞ்ச மாடல், நாட் (Gnat)ங்குற குட்டிப் போர் ஜெட். நேத்து ராத்திரி வரைக்கும் பளபளன்னு இருந்துச்சு. இன்னைக்கு ஆபீஸ் விட்டு வந்து பாத்தா வெள்ளையா பூத்துப் போய் கெடக்கு. தொடைச்சாலும் போகல. ஞாயித்துக்கிழமை மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம், மண்டபத்துல வச்சு அவர் கையில குடுக்கணும். ஏர்ஃபோர்ஸ்ல நாட் ஸ்குவாட்ரன்ல மெக்கானிக்கா இருந்தவர். என்ன பண்றது, சீக்கிரம் சொல்லுங்க.

மேலூர்_ஸ்ப்ரே (வியாழன், இரவு 11:52)
ஐப்பசி மழையில ஸ்ப்ரே அடிச்சா இதுதான் கதி. லேக்கர் தின்னர் சட்டுனு ஆவியாகும், ஆவியாகுறப்ப அந்த இடம் ஜில்லுனு ஆயிரும், காத்துல இருக்குற ஈரம் அதுல போய் உக்காரும். காஞ்சா பால் ஊத்துன மாதிரி தெரியும். மழை விட்ட நாளா பாத்து, மெதுவா காயுற தின்னர் கலந்து லேசா ஒரு கோட் மறுபடி அடிங்க, பழைய படலம் இளகி ஈரம் வெளிய போயிரும். இதுக்கு மேல யாரும் கொழப்ப வேணாம்.

வைகைக்கரை (வெள்ளி, காலை 6:05)
மூக்குல வெயிட் வச்சீங்களா?

சிம்மக்கல்_செல்வி (வெள்ளி, காலை 6:30)
தம்பி, "வெள்ளையாயிருச்சு"ன்னா எங்க? றெக்கையா, உடம்பா, கண்ணாடியா, ஸ்டிக்கரா? என்ன பெயிண்ட்? என்ன பசை? கடைசியா என்ன செஞ்சுட்டு தூங்கப் போனீங்க? ஒரு போட்டோ போடுங்க.

கோரிப்பாளையம்_72 (வெள்ளி, காலை 7:10)
டீக்கல்லா (தண்ணியில ஊறவச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) இருக்கும். அடியில காத்து மாட்டுனா வெள்ளி மாதிரி மினுங்கும். ஊசியால நாலு குத்து குத்தி, வினிகர் தொட்டு அமுக்குங்க. அடுத்த தடவை டீக்கல் ஒட்டுறதுக்கு முன்னாடி க்ளாஸ் கோட் (பளபளப்பு வார்னிஷ்) அடிக்கணும். மங்கலான மேட் பெயிண்ட் மேல ஒட்டுனா இப்படித்தான்.

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, காலை 8:15)
கிட் எது, ஸ்கேல் எது, பெயிண்ட் எது என்று எதுவுமே சொல்லாமல் "வெள்ளையாயிருச்சு" என்றால், ஜோசியரிடம் போய் "எனக்கு எப்ப நல்ல காலம்" என்று கேட்பது மாதிரிதான். அவரும் ஜாதகத்தைக் கேட்பார். நான் 1/72 ஸ்கேலில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) நாட் மட்டுமே ஏழு செய்து வைத்திருக்கிறேன். விவரம் வந்தால் பேசலாம்.

மேலூர்_ஸ்ப்ரே (வெள்ளி, காலை 8:20)
நான்தான் ஏற்கனவே சொல்லிட்டேனே, ஈரம்னு.

திருநகர்_தினா (வெள்ளி, மதியம் 1:15)
மன்னிக்கணும், வேலையில இருக்கேன். 1/72 தான். ஆன்லைன்ல வாங்குனேன், பெட்டி மேல செவப்பு கலர் விமானம் இருக்கும். நான் செவப்பு அடிக்கல, சில்வர் அடிச்சு நம்ம ஏர்ஃபோர்ஸ் வட்டம் போட்டிருக்கேன். சேகோன் சார் ஓட்டுன நாட் மாதிரி வேணும்னு மாமா ஒரு தடவை சொன்னாரு. போட்டோ சாயங்காலம் போடுறேன்.

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, மதியம் 1:31)
எதிர்பார்த்தேன். சிவப்பு என்றால் ரெட் ஆரோஸ், பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழு. 1965-லிருந்து 1979 வரை அவர்கள் பறந்தது நாட் டி.1, அதாவது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். பறக்கும் அதிகாரி நிர்மல்ஜித் சிங் சேகோன் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் ஓட்டியது ஒற்றை இருக்கைப் போர் விமானம். நம் விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள் அவர். அவருக்குப் பின்னால் இன்னொரு சீட்டு வைத்து ஆளை உட்கார வைத்திருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் வரை 12 சென்டிமீட்டர் வந்தால் ஒற்றை இருக்கை. 13.5 பக்கம் வந்தால் டி.1.

கோரிப்பாளையம்_72 (வெள்ளி, மதியம் 1:50)
அவரு கேட்டது வெள்ளை எப்படிப் போகும்னு. நீங்க சீட்ட எண்ணிக்கிட்டு இருக்கீங்க. நம்மாளுங்களும் ரெண்டு சீட்டுல செஞ்சாங்கள்ல, பெங்களூர் எச்.ஏ.எல்.ல?

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, மதியம் 2:04)
அது அஜீத்தின், அதாவது எச்.ஏ.எல். மேம்படுத்திய நாட்டின், பயிற்சி வடிவம். பறந்தது 1982. போர் நடந்தது 1971. பதினோரு வருஷம் முன்னால் போய் சண்டை போட முடியாது.

உசிலம்பட்டி_ஆர்சி (வெள்ளி, மதியம் 2:20)
அஜீத்னு பேர பாத்ததும் ஓடி வந்தேன். தலயே ஏரோமாடலிங் பண்றவர்தானே.

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, மதியம் 2:26)
அவர் செய்வது ரிமோட்டில் பறப்பது. இது அலமாரியில் நிற்பது. இரண்டும் வேறு கலை.

உசிலம்பட்டி_ஆர்சி (வெள்ளி, மதியம் 2:33)
பறக்காத விமானத்துக்கு விமானம்னு பேரு வச்சுட்டு "கலை"ங்குறீங்க. கண்மாய் காஞ்சதும் வாங்க, நான் தெர்மாகோல்ல செஞ்சது அரை கிலோமீட்டர் போய்ட்டுத் திரும்பி வரும். உங்க ஏழு நாட்டும் தூசி தட்டத்தான் ஆகும்.

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, மதியம் 2:41)
உங்கள் தெர்மாகோலில் ரிவெட் வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், பிறகு பேசலாம்.

உசிலம்பட்டி_ஆர்சி (வெள்ளி, மதியம் 2:44)
மேல போனப்புறம் ரிவெட்ட யாருண்ணே பாக்குறா?

வைகைக்கரை (வெள்ளி, மாலை 4:00)
கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. மூக்குல வெயிட் வச்சீங்களா? ஜெட்டுன்னா எஞ்சின் பக்கம் பிளாஸ்டிக் கூடுதல், வால்ல உக்காந்துரும். தூண்டில் கடையில சின்ன ஈயக்குண்டு கெடைக்கும்.

திருநகர்_தினா (வெள்ளி, இரவு 8:25)
போட்டோ போட்டிருக்கேன். வெள்ளை கண்ணாடியில மட்டும்தான், பைலட்டு மேல மூடுறது. வெளியவும் இருக்கு, உள்ளவும் இருக்கு. சில்வர் நல்லாத்தான் இருக்கு. ஸ்கேல் வச்சு அளந்தேன், 13.4. இப்ப வயித்த கலக்குது.

சிம்மக்கல்_செல்வி (வெள்ளி, இரவு 8:40)
மூணாவது போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். கண்ணாடியோட இடது பக்கம் ஒரு சின்னக் கைரேகை இருக்கு, பாத்தீங்களா? பெருவெரல் இல்ல, குழந்தையோட ஆள்காட்டி வெரல் மாதிரி. ஒவ்வொரு கோடும் வெள்ளையா எழும்பி நிக்குது. வெள்ளை கண்ணாடி முழுக்க ஒரே மாதிரியும் இல்ல. ஒட்டுன விளிம்பு ஓரமா தடிப்பா இருக்கு, நடுவுல மெலிசு.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. கண்ணாடிய சூப்பர் க்ளூ வச்சு ஒட்டுனீங்களா? ஒட்டுன கையோட எதுக்குள்ளயாவது வச்சு மூடுனீங்களா?

திருநகர்_தினா (வெள்ளி, இரவு 8:47)
அக்கா, எப்படித் தெரியும்? பொண்ணுக்கு மூணு வயசு, எல்லாத்தையும் தொடுவா. வீட்டுல பல்லி வேற. அதான் மிக்சர் வாங்குன பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு மூடியப் போட்டுட்டுப் படுத்தேன். இறுக்கமான மூடி.

சிம்மக்கல்_செல்வி (வெள்ளி, இரவு 9:02)
அதேதான். சூப்பர் க்ளூங்குறது சயனோஅக்ரிலேட். காயுறப்ப அதுல இருந்து ஆவி வரும். அந்த ஆவி ஈரத்தோட சேந்து, கெடச்ச எடத்துல வெள்ளைப் படலமா படியும். கைபட்ட எடத்துல இருக்குற வேர்வை, எண்ணெய்ப் பிசுக்குல கோடு கோடா நல்லாவே படியும். கைரேகை எடுக்க தடயவியல்ல செய்யுறது இதையேதான். பெட்டிக்குள்ள பொருள வச்சு, க்ளூவ சூடாக்கி, கொஞ்சம் ஈரத்தையும் விடுவாங்க. உங்க மிக்சர் டப்பா அந்தப் பெட்டி. மழைக்காலம் ஈரத்தக் குடுத்துச்சு. பொண்ணு வெரலக் குடுத்துருக்கா.

மேலூர்_ஸ்ப்ரே (வெள்ளி, இரவு 9:10)
ஆக ஈரம்தான். நான் சொன்னதும் அதைத்தான்.

கோரிப்பாளையம்_72 (வெள்ளி, இரவு 9:14)
நீங்க சொன்னது பெயிண்ட்ல ஈரம்ணே.

மாடி_ஒர்க்ஷாப் (வெள்ளி, இரவு 9:30)
பாஸ், இதெல்லாம் ஒரு விஷயமா? வீட்டுல நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கும், பஞ்சுல தொட்டுத் தொடைங்க. க்ளூ கரையும்னு எல்லாருக்கும் தெரியும்.

சிம்மக்கல்_செல்வி (வெள்ளி, இரவு 9:31)
வேண்டாம் வேண்டாம் வேண்டாம். தினா தம்பி, அதத் தொடாதீங்க. ரிமூவர்ல இருக்குறது அசிட்டோன். க்ளூவையும் கரைக்கும், கிட் செஞ்ச பாலிஸ்டைரீனையும் கரைக்கும். கண்ணாடி நிமிஷத்துல கூழாயிரும். பெயிண்ட் கடை தின்னரும் அப்படித்தான்.

பழைய_பிளாஸ்டிக் (வெள்ளி, இரவு 9:45)
அம்மா சொல்வது சரி. இதில் அபிப்பிராய பேதம் இல்லை. (நானே 1990களில் ஒரு மிக்-21 கேனோபியை, அதாவது பைலட் மேல் மூடும் கண்ணாடியை, இப்படித்தான் கொன்றேன்.)

வெளிப்பக்கம் சுலபம். 2000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு, ஒரே திசையில், அழுத்தாமல். அடுத்து வெள்ளை டூத்பேஸ்ட், ஜெல் அல்ல, பழைய பனியன் துணியில் வைத்துத் தேயுங்கள். கடைசியில் அக்ரிலிக் க்ளாஸ் ஒரு கை. தேய்த்த கீறல் அதில் மறைந்துவிடும். உள்பக்கத்துக்கு வழி ஒன்றுதான், கழற்ற வேண்டும். விமானத்தை ஒரு பையில் போட்டுக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் இந்த க்ளூ மொறுமொறுவென்று ஆகிவிடும். வெளியே எடுத்த உடனே பிளேடு நுனியை விளிம்பில் கொடுத்து லேசாக நெம்பினால் சில சமயம் சொடுக்கென்று விடும். பிளாஸ்டிக்கும் குளிரில் நொறுங்கக்கூடியதுதான். ஆகவே சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த முறை கேனோபிக்கு ஃபெவிகால். பால் நிறத்தில் இருக்கும், காய்ந்தால் தெரியாது. தப்பாக ஒட்டினாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ஆவி கிளம்பாது. இதை எத்தனை தடவை எழுதுவது?

திருநகர்_தினா (வெள்ளி, இரவு 10:05)
ஃப்ரீசர்ல வச்சுட்டேன். பொஞ்சாதி மீன் பொட்டலத்த எடுத்துட்டு எடம் விட்டா, மொறச்சுக்கிட்டே.

திருநகர்_தினா (சனி, அதிகாலை 12:20)
வந்துருச்சு! ஆனா முன்பக்க மூலையில ஒரு விரிசல். உள்ள தேய்க்கத் தேய்க்க பாதிதான் போகுது, வளைவுக்குள்ள வெரல் நுழையல. காது குடையுற பட்ஸ்ல பேஸ்ட் தொட்டுத் தேய்ச்சேன். இப்ப கண்ணாடி வழியா பாத்தா பைலட்டுக்கு கண்புரை வந்த மாதிரி இருக்கு.

கோரிப்பாளையம்_72 (சனி, காலை 7:00)
கேனோபிய தெறந்த மாதிரி வச்சுருங்களேன்.

பழைய_பிளாஸ்டிக் (சனி, காலை 7:20)
திறந்தால் இரண்டு சீட்டும் பல்லைக் காட்டும்.

சிம்மக்கல்_செல்வி (சனி, காலை 7:45)
கவர் போட்டுருங்க தம்பி. வெயில்ல நிக்குற விமானத்துக்கு கேனோபி மேல துணி போத்துவாங்கள்ல, அதத்தான் சொல்றேன். டிஷ்யூ பேப்பர ரெண்டு ஏடாப் பிரிச்சு ஒரு ஏட எடுங்க. ஃபெவிகால தண்ணியில பால் மாதிரி கரைச்சுக்கங்க. கண்ணாடி மேல பேப்பர போத்தி, அந்தத் தண்ணிய தூரிகையால தொட்டுத் தொட்டு வைங்க. பேப்பர் தானா படிஞ்சு துணி மடிப்பு மாதிரி சுருக்கம் விழும். சுருக்கத்த நீவி எடுத்துறாதீங்க, அதுதான் அழகு. காஞ்சதும் விளிம்ப பிளேடால நறுக்கி, காக்கியோ செவப்போ அடிங்க. புகை, விரிசல், ரெண்டாவது சீட்டு எல்லாம் உள்ள போயிரும். மாமா மெக்கானிக்குன்னீங்க, ராத்திரி அவரே எத்தன தடவை கவர் போட்டுருப்பாரோ.

மேலூர்_ஸ்ப்ரே (சனி, காலை 8:30)
பெயிண்ட்ட கையால அடிங்க, மழை நிக்கல.

பழைய_பிளாஸ்டிக் (சனி, காலை 9:05)
கேனோபியின் நீளம் கவருக்கு மேலேயும் தெரியும். றெக்கையும் டி.1-ல் பெரிது. விஷயம் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது. ஒற்றை இருக்கை கிட் தனியாக வருகிறது. தேடி வாங்கியிருக்கலாம்.

கோரிப்பாளையம்_72 (சனி, காலை 9:12)
நாளைக்கு விசேஷம். இன்னைக்கு எங்கிட்டு போய் தேட?

உசிலம்பட்டி_ஆர்சி (சனி, காலை 9:40)
அது சரி, நாட்டுன்னா என்னண்ணே அர்த்தம்?

கோரிப்பாளையம்_72 (சனி, காலை 9:43)
கொசு மாதிரி பொடிப் பூச்சி. முன்னால இருக்குற ஜி-ய சொல்லக் கூடாது.

உசிலம்பட்டி_ஆர்சி (சனி, காலை 9:45)
கொசுவ செஞ்சு பரிசா குடுக்குறீங்களா. எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே தர்றேன், எல்லாம் பறக்கும்.

சிம்மக்கல்_செல்வி (திங்கள், இரவு 9:00)
தினா தம்பி, என்ன ஆச்சு?

மேலூர்_ஸ்ப்ரே (செவ்வாய், காலை 10:15)
வேல முடிஞ்சா ஆளக் காணோம். வழக்கம்தான்.

திருநகர்_தினா (வியாழன், இரவு 10:50)
மன்னிக்கணும், விசேஷ வேலையில எழுத முடியல. கவர் போட்டேன் அக்கா, காக்கி. சுருக்கம் நல்லா விழுந்துச்சு. மாமா கையில வாங்கி, கண்ணாடியப் போட்டு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "இது ட்ரெய்னர்ல"ன்னாரு. அப்புறம் கவரத் தடவிப் பாத்து, "கயித்தக் கட்டாம விட்டுட்டியே, காத்துல பறந்துரும்"னாரு. பந்தியில இலைக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டாரு. கயிறுக்கு நூல் எதுல போடலாம்?

இன்னொண்ணு. டேபிள்ல வச்சா மூக்கு தூக்குது. இப்போதைக்கு வாலுக்கடியில ஒரு கிராம்பு முட்டுக் குடுத்துருக்கேன்.

வைகைக்கரை (வியாழன், இரவு 10:52)
நான் கேட்டேன்ல.