புதுப்பிப்பு: தங்கச்சி மகளின் முக்கோணிக் கணக்கு

போன கிழமை கேட்டிருந்தேன்: முக்கோணி ஏபீசீயில் ஏபீ = ஏசீ. பீசீயை டீ வரை நீட்டினால் கோணம் ஏசீடீ 110 பாகை. கோணம் பீஏசீ எவ்வளவு? களுவாஞ்சிகுடியில் இருக்கும் தங்கச்சியின் மகள் 55 என்றாள், விடைத்தாளில் 40.

40தான் சரி. நேர்கோட்டில் 180 என்பதால் ஏசீபீ 70. சம பக்கங்களுக்கு எதிரே இருக்கும் கோணங்கள்தான் சமம். ஏபீக்கு எதிரே சீ, ஏசீக்கு எதிரே பீ. ஆக பீயும் 70, மிச்சம் 40. அவளோ ஏயும் பீயும் சமம் என்று எடுத்து, அவை இரண்டின் கூட்டுத்தொகையான புறக்கோணம் 110ஐப் பாதியாக்கிவிட்டாள். தேற்றம் தெரிந்திருக்கிறது, படத்தைப் பார்த்ததில்தான் பிழை. படமும் சரிந்து கிடந்தது, அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுகா இரண்டாவது கணக்கு. 4, 5, 10 சென்ரிமீற்றர் பக்கங்களில் முக்கோணி வரையச் சொன்னது ரியூசன் தாள். கவராயத்தோடு ஒரு மணித்தியாலம் மாரடித்தோம், விற்கள் வெட்டவே இல்லை. கடைசியில் விளக்குமாற்று ஈர்க்கிலை அளந்து முறித்தேன். பெரிய ஈர்க்கிலின் இரு முனையிலிருந்தும் மற்ற இரண்டையும் அதன் மேலேயே படுக்க வைத்தாலும் நடுவில் ஒரு சென்ரிமீற்றர் வெளி.

"முட்டுதில்லையே மாமா!"

"எப்படிகா முட்டும், நாலும் அஞ்சும் ஒன்பதுதானே?"

ரியூசன் சேரிடம் கேட்டாளாம். 10 அச்சுப்பிழை, 7 என்று வரவேண்டுமாம். 7 போட்டதும் விற்கள் வெட்டின.