லைடனில் ஒரு சுவரும் 21 ஏடுகளும்

நான் கீழ்வேளூர்க்காரன். 2014ல் சட்ட முதுகலை படிக்க நெதர்லாந்தின் லைடனுக்குப் போனேன். ஒரு வருடப் படிப்புதான். ஆனால் அதற்குள் நடந்த ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் மாதம் முழுக்க அறை தேடுவதிலேயே போனது. அங்கே வாடகை தரத் தயாராக இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கும் மாணவர்கள் ஒரு மாலையில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பேசி, அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏழு வீடுகளில் என்னை வேண்டாம் என்றார்கள். எட்டாவதில் கூரை சாய்ந்த மாடி அறை ஒன்று கிடைத்தது. அப்புறம் முதல் தேர்வில் பத்துக்கு ஏழு. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கூடப் படித்த டச்சுப் பெண்தான் ஏழு என்றால் நல்ல மதிப்பெண், பத்து என்பது யாருக்கும் கிடைக்காது என்று சொல்லித் தேற்றினாள்.

எங்கள் சட்டத் துறை இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் காமர்லிங் ஓன்னஸின் இயற்பியல் கூடம். 1908 ஜூலையில் உலகத்தில் முதன்முறையாக ஹீலியத்தைத் திரவமாக்கியது அங்கேதான். ஒப்பந்தச் சட்டம் படித்துக்கொண்டே அதை நினைத்துப் பார்ப்பேன்.

அந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்த கதையை எனக்குச் சொன்னவர் வீட்டுக்கார அம்மா. 1574ல் ஸ்பெயின் படை ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. ஊருக்குள் பஞ்சமும் கொள்ளைநோயும். கடைசியில் டச்சுக் கிளர்ச்சிப் படையினர் அணைக்கரைகளை உடைத்து, வயல்களை வெள்ளக்காடாக்கி, படகில் வந்து மீட்டார்கள். அக்டோபர் 3. அடுத்த பிப்ரவரியிலேயே, 1575ல், இளவரசர் வில்லியம் அங்கே பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். தாக்குப்பிடித்ததற்கான பரிசு என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வோர் அக்டோபர் 3ம் தேதியும் காலையில் ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்க வரிசை நிற்கிறது. அந்த அம்மா தன் பங்கில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகள் லைடனில் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருந்தேன். ஆனைமங்கலம் எங்கள் ஊருக்குப் பக்கம். சின்ன வயதில் சைக்கிளில் சுற்றிய இடம். நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் கடல் தாண்டிப் போன ஏடுகள் அவை. 1862ல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நம்பிக்கை இல்லாமல்தான் எழுதினேன். ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

மேசைமேல் மெத்தென்ற திண்டு. அதன்மேல் பெரிய வளையத்தில் கோத்த 21 ஏடுகள், சோழ முத்திரையோடு. மொத்தம் சுமார் 30 கிலோ. ஐந்து ஏடுகள் வடமொழி, மீதி 16 தமிழ். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணிவர்ம விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்த சாசனம். சிவனுக்குப் பெரிய கோயில் கட்டிய அரசன், கடல் கடந்த பௌத்தர்களின் பள்ளிக்கு எங்கள் பக்கத்து வயல்களின் நெல்லை எழுதி வைத்திருக்கிறான்.

பக்கத்தில் இருந்த நூலகப் பணியாளர், அறுபது வயது இருக்கும், “உங்களால் இதைப் படிக்க முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். முடியவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நன்றாக வியர்த்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த அச்சுப் பாடத்தை வைத்து வரியைப் பிடித்தேன். இருபது நிமிடம் கழித்து ஒரு சொல் தெளிந்தது. ஆனைமங்கலம்.

என் ஊருக்குப் பக்கத்து ஊர் என்றேன். வரைபடத்தில் காட்டச் சொன்னார். கைப்பேசியில் காட்டினேன். “இப்போது அங்கே என்ன விளைகிறது?” என்றார். நெல் என்றேன். ஏட்டில் சொல்லியிருப்பதும் நெல்தான், 97 வேலிச் சொச்சம் நிலத்துக்கு 8,900 கலத்துக்கும் மேல் என்று சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இந்த ஏடுகள் எங்கள் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “உங்கள் ஊர்க்காரர் ஒருவர் படித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை” என்றார்.

கடைசி ஏடுகளில் பெயர்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து, இவை இன்னார் எழுத்து, இவை இன்னார் எழுத்து என்று ஒப்பமிட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

அடுத்த ஆகஸ்டில் பட்டம். ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் பழைய கன்னிமடத்துத் தேவாலயம்தான் 1581லிருந்து பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். அதற்குள் ‘வியர்வை அறை’ என்று ஒரு சின்ன அறை. தேர்வுக்கு முன் மாணவர்கள் வியர்த்தபடி காத்திருந்த இடம். பட்டம் வாங்கியவர்கள் அதன் சுவரில் கையெழுத்துப் போடுவார்கள். சர்ச்சில், மண்டேலா பெயர்களும் அங்கே உண்டு. தரையிலிருந்து கூரைவரை பெயர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

ஜன்னலுக்குக் கீழே ஒரு விரல்கடை இடம் கிடைத்தது. மண்டியிட்டுத் தமிழில் எழுதினேன். ‘இவை கீழ்வேளூர்’ என்று தொடங்கி, என் பெயரைப் போட்டு, ‘எழுத்து’ என்று முடித்தேன். பின்னால் நின்ற இத்தாலியப் பையன் இது எந்த மொழி என்று கேட்டான். சொன்னேன். எனக்குக் கீழே தன் பெயருக்கு இடம் இருக்கிறதா என்று அவனும் மண்டியிட்டான்.