கீடா ஜடி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பனிப்பாதை:
கீடா ஜடி என்பது மண்ணுக்குள் இருக்கும் புழுவைப் பிடித்துக் கொன்று, அதன் தலையிலிருந்து காம்பாக முளைக்கும் இமயமலைக் காளான்; புழுவோடு சேர்த்துத்தான் மருந்துச் சரக்காக விற்பார்கள். உத்தராகண்டில் முன்சியாரிக்கு மேலே, மே மாதக் கடைசி. பனி உருகிய புல்வெளியில் ஊரே முட்டிபோட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. நின்றபடி தேடினால் கண்ணில் படாது. புல்லுக்கு மேலே தெரிவது தீக்குச்சி மாதிரி ஒரு பழுப்புக் காம்பு, இரண்டு மூன்று செ.மீ.தான். புதுப் பையன் ஒருவன் கண்டதும் காம்பைப் பிடித்து இழுத்துவிட்டான். காம்பு கையோடு வந்தது, புழு மண்ணிலேயே தங்கிவிட்டது. அவன் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது இன்னும் மனசை அரிக்கிறது. காம்பு புழுவின் தலையிலிருந்து கிளம்புகிறது, இழுத்தால் முறிவது அங்கேதான். இரண்டு விரற்கடை தள்ளி, சின்னக் கொத்தால் சுற்றிலும் நெம்பி, மண்கட்டியோடு எடுத்து உதிர்க்க வேண்டும். பெயர்த்த புல்கட்டியைக் குழியிலேயே திரும்ப வைத்து அமுக்கணும்.

மண்டிக்கடை:
முறிந்ததையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை, தொல்லையே அங்கேதான். உத்தராகண்டின் தார்ச்சூலாவில் ஒரு சரக்கைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று மட்டும் லேசில் ஒடிய மறுத்தது. அழுத்தி ஒடித்தால் உள்ளே மெல்லிய குச்சி. தலையையும் உடலையும் குச்சி வைத்துப் பொருத்தியிருந்தார்கள். எடை கூட்டக் கம்பி சொருகுவதும் உண்டு. நன்றாகக் காய்ந்த நல்ல சரக்கு சுலபமாக ஒடியும். ஒடித்த இடம் மஞ்சள் கலந்த வெள்ளை, நடுவில் கருத்த கோடு, அது புழுவின் குடல் இருந்த தடம். உடலில் 20 முதல் 30 வளையம், எட்டு ஜோடிக் கால், அதில் நடு நாலு ஜோடி தெளிவாகத் தெரியணும். மாவைப் பிசைந்து அச்சில் வார்த்த போலியில் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இன்னொன்று, மண்ணைத் தண்ணீரில் கழுவாதீர்கள், பூசணம் பிடிக்கும். எடுத்த அன்றே, ஈரம் லேசாக இருக்கும்போது, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மேல்மண்ணைத் தட்டிவிட்டுத் துணியில் பரப்பிக் காயவைத்தால் போதும்.

புல்வெளி:
மண்டிக்கடை அண்ணா, குச்சி சொருகுவது சில்லறைத் திருட்டு. சந்தை விலை வைக்கிற முறையே அதைவிடப் பெரிய கேடு. காம்பு குட்டையாக, புழு கெட்டியாக இருந்தால் உச்ச விலை. காம்பு நீண்டு முற்றி வித்து உதிர்த்ததும் புழு உள்ளே கூடாகிவிடும், விரலால் அமுக்கினால் அமுங்கும், வியாபாரி தள்ளிவிடுவார். அடுத்த தலைமுறைப் புழுக்களைப் பிடிக்கப்போவது அந்த வித்துதானே? மே தொடக்கத்திலேயே மொத்த மேட்டையும் வழித்தெடுத்தால் எதிலிருந்து வித்து வரும்? 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, மலையேறும் நாளைத் தாமதமாக வைத்து, எல்லாரும் ஒரே நாளில் ஏற வேண்டும். ஒருத்தர் முந்தினாலும் மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 2009-இல் நேபாளத்தின் நார் கிராமத்தில் இந்தப் போட்டியில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். எல்லையையும் தேதியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

வேர்மூலி:
வாங்குகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கீடா ஜடியைக் 'கார்டிசெப்ஸ்' என்றும் சொல்வார்கள். நம்மூரில் அந்தப் பெயரில் டப்பாவில் வருவதைத் திருப்பிப் பாருங்கள். 'மிலிட்டாரிஸ்' என்று இருந்தால் அது அரிசி போன்ற தானியத்தில் வளர்க்கிற ஆரஞ்சு நிறக் காளான், இனமே வேறு. அதை மலைச்சரக்கு விலைக்கு வாங்காதீர்கள். அசல் மலைச்சரக்கு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு தினமும் சாப்பிடக் கூடாது. 2016-இல் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்தபோது கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மி.கி. வரை ஆர்சனிக் இருந்தது, அங்கே சத்துணவுக்கான வரம்பு 1 மி.கி. மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பனிப்பாதை:
புல்வெளி, தேதி வைத்தால் மட்டும் நிற்காது. மேலே ஏறும் வழியில் பஞ்சாயத்து ஆட்கள் உட்கார்ந்து அனுமதிச்சீட்டைப் பார்க்கணும். கூடாரத்துக்கு விறகையும் கீழிருந்தே சுமந்து வரச் சொல்லணும், இல்லாவிட்டால் மேலே உள்ள ஜூனிப்பர் புதரெல்லாம் அடுப்புக்குப் போய்விடும்.