மறு: ‘மொத்த வரைகலைத் திறன்’ சரியா? ‘வாட்டுப்படி’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். லேப்டாப்பில் வரைகலைச் சில்லு (திரைக்குப் படம் வரையும் சில்லு) அதிகபட்சம் எத்தனை வாட்டு மின்சாரம் எடுக்கலாம் என்பதை ஆங்கிலத்தில் Total Graphics Power, சுருக்கமாக டி.ஜி.பி. (TGP) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இந்த இழையின் பேச்சு.

> டி.ஜி.பி. என்பதை ‘மொத்த வரைகலைத் திறன்’ என்று போட்டு முடித்துவிடலாமே. நேரடியாக இருக்கிறது.

நேரடியாகத்தான் இருக்கிறது, சிக்கலே அதில்தான். பள்ளியில் இயற்பியல் படித்தவருக்குத் திறன் என்றால் வாட்டில் அளப்பது. லேப்டாப் வாங்கக் கடைக்கு வருபவருக்குத் திறன் என்றால் கெட்டிக்காரத்தனம். ‘மொத்த வரைகலைத் திறன் 140’ என்று அட்டையில் பார்த்தால், நூற்றுக்கு நூற்று நாற்பது வாங்கிய பிள்ளை என்று நினைத்துக்கொள்வார். சரி, டி.ஜி.பி. என்றே விட்டுவிடலாம் என்றால், தமிழில் எழுதியதும் காவல்துறைத் தலைவர் வந்து நிற்கிறார்.

என் அக்கா மகன் போன வருடம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற வரைகலைச் சில்லு போட்ட லேப்டாப் வாங்கினான். அவன் நண்பன் வீட்டு மேசைக்கணினியிலும் 4060 தான். இரண்டிலும் 3072 கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். ஒரே விளையாட்டை ஒரே அமைப்பில் ஓட்டினால் நண்பன் வீட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, இவனிடம் திக்குகிறது. “மாமா, கடைக்காரர் ஏமாத்திட்டாரு” என்று வந்து நின்றான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் கணினித் தகவல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரைகலைச் சில்லுக்கு அதிகபட்சம் 75 வாட்டு என்று இருந்தது. மேசைக்கணினியின் 4060 அட்டைக்கு 115. லேப்டாப்போ கட்டைவிரல் பருமன்கூட இல்லை, சூட்டை வெளியே தள்ள உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு விசிறி. இதே சில்லுக்கு லேப்டாப்பில் 35 முதல் 115 வாட்டு வரை கொடுக்கலாம் என்று என்விடியா விட்டிருக்கிறது. அதற்குள் எவ்வளவு என்பது லேப்டாப் செய்பவர் படியளப்பதைப் பொறுத்தது.

இதை அவனுக்கு விளக்கும்போதுதான் ‘படியளப்பது’ என்று என் வாயில் வந்தது. அப்புறம் யோசித்தால், படி என்ற சொல் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே பதவி, ஒரே அடிப்படைச் சம்பளம். ஆனால் சென்னையில் இருப்பவருக்கு ஒரு வீட்டு வாடகைப்படி, சிற்றூரில் இருப்பவருக்கு வேறு. ஒரே சில்லு தடித்த பெட்டியில் ஒரு மாதிரியும் மெல்லிய பெட்டியில் வேறு மாதிரியும் ஓடுவதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

முதலில் ‘மின்படி’ என்றுதான் எழுதினேன். மின்னூல், மின்னஞ்சல் வரிசையில் வைத்தால் அது மின்னணு நகல் ஆகிவிடுகிறது. ஆகவே வாட்டுப்படி. ‘வாட்டு’ என்றால் நெருப்பில் காட்டு என்றும் பொருள் வருகிறதே என்பீர்கள். வரட்டும், மடியில் வைத்து விளையாடிப் பார்த்தவருக்கு அது பொருந்தாத பொருளாகத் தோன்றாது.

> அதே வரிசையின் பெரிய சில்லான 4090-க்கு இந்தக் கணக்கு செல்லாதே?

செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். மேசைக்கணினி 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி, 450 வாட்டு. லேப்டாப் 4090-இல் 9,728 கோர்கள், 16 ஜிபி, 80 முதல் 150 வாட்டு. அந்த 9,728 மேசைக்கணினி 4080-இன் எண்ணிக்கை. அங்கே ஆளே வேறு, படியைக் கூட்டிப் பயனில்லை. முன்பு 980எம் என்று லேப்டாப் சில்லுக்கு வாலில் ஓர் எம் இருந்தது. 2016-இல் 10 வரிசை வந்தபோது அதை எடுத்தார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது: 1080 இரண்டு இடத்திலும் 2,560 கோர்களோடுதான் வந்தது. அந்த நியாயம் போய்விட்டது, எம் மட்டும் திரும்பி வரவில்லை. இந்தப் பெயர் மயக்கத்துக்கு வேறொரு சொல் வேண்டும், அதைத் தனி இழையில் பேசுவோம்.

----------

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் வாட்டில் அளப்பது வலு, உங்கள் ஆற்றல் எங்களுக்குச் சக்தி. ஆகவே திறன் குழப்பம் இங்கே இல்லை. ‘வலு வரம்பு’ என்றால் எங்கள் மாணவர்களுக்கு உடனே விளங்கும். படி என்றால் முதலில் மாடிப்படிதான் கண்ணில் வரும், சம்பளத்தோடு வருவதைக் கொடுப்பனவு என்போம்.

----------

தம்பி, வலு வரம்பை இலங்கை வழக்காகப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். தமிழ்நாட்டில் அதைப் பொதுச்சொல் ஆக்கினால் வலு, பலம் என்று மறுபடி கெட்டிக்காரத்தனத்துக்கே போய்விடுவோம். இன்னொன்று: வரம்பு அசையாது, இது அசைகிறது. மையச் செயலிக்கு வேலை குறைவாக இருக்கும்போது அதன் பங்கில் 25 வாட்டு வரை எடுத்து வரைகலைச் சில்லுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இந்த வரிசை லேப்டாப்களில் உண்டு. 115 வாட்டுச் சில்லை 140 என்று விளம்பரம் செய்வது இதை வைத்துத்தான். அதற்கு ‘படி உயர்வு’ என்றால் அரசு ஊழியர் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

----------

ஐயா, நேற்று ஒரு கடையில் சோதித்துப் பார்த்தேன். மெல்லிய லேப்டாப் ஒன்றைக் காட்டி, “அண்ணே, இதுக்கு வாட்டுப்படி எவ்வளவு?” என்றேன். ஒரு கணம் விழித்தார். அப்புறம், “கிராபிக்ஸுக்கு எவ்ளோ வாட்டு போகுதுன்னுதானே கேக்குறீங்க? இதுல 80. பக்கத்துல இருக்கிற தடியனுக்கு 140” என்றார்.