வால்வு ஓவர்லேப்புக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குரூசர் பைக் எஞ்சினை வீட்டிலேயே பிரித்து கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் சுழல்தண்டு) மாற்றுபவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கேம், பிஸ்டன், வால்வு எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதில் சண்டை வேண்டாம். மாட்டிக்கொண்டது ஓவர்லேப்பில்தான். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள், புதுக்கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதை, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியில் டிகிரியாக அளப்பார்கள். “மேற்பொருந்தல்” என்று போட்டேன். சரிபார்த்தவர் “எதன்மேல் எது பொருந்துகிறது?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இ. எழுதியது:

சண்டை வேண்டாம் என்று நீங்களே முடிவுகட்டினால் எப்படி? வால்வுக்கு ஓரதர் இருக்கிறது. ஓர் அதர், அதாவது ஒருவழிப் பாதை. அதர் சங்கப் பாட்டில் புழங்கிய சொல். கேமுக்கு நெம்புருள். ஒன்றன்மேல் ஒன்று கவிவதுதான் ஓவர்லேப். ஆகவே “ஓரதர்க் கவிவு”. இரண்டே சொல், முடிந்தது வேலை.

வே. எழுதியது:

அண்ணே, பாட்டில் இருக்கட்டும். ஒருவழி என்பது பம்புக்குச் சரி, எஞ்சினுக்கு ஆகாது. ஐட்லிங்கில் ஓட்டிப் பாருங்கள். ஓவர்லேப் நேரத்தில் இன்டேக் பக்கம் வெற்றிடம் இழுக்கிறது, எரிந்த புகை திரும்பி உள்ளே வந்து புதுக்கலவையில் கலக்கிறது. பெரிய கேம் போட்ட வண்டி சிக்னலில் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி ஓடுவது இதனால்தான். வேகம் ஏறிய பிறகு கதை தலைகீழ்: வெளியே பாயும் புகையின் வேகமே புதுக்கலவையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். ஒருவழி என்று பேர் வைத்த சாமான் இருவழியாக வேலை செய்யும் நேரத்துக்குத்தான் இப்போது பேர் தேடுகிறோம்!

பு. எழுதியது:

வே. சொன்னதைப் படித்ததும் எனக்கு இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. போகிற புகை நிலைமொழி, வருகிற கலவை வருமொழி. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடும் இடத்துக்கு நம்மிடம் பெயர் இல்லையா என்ன? “இயைவது புணர்ப்பே” என்கிறது நன்னூல். வால்வுப் புணர்ச்சி என்றே சொல்லலாமே. கலவையில் புகை கலந்தால் விகாரப் புணர்ச்சி, கலக்காவிட்டால் இயல்பு!

ல. எழுதியது:

ஐயா, உங்கள்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் நாற்பது பையன்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கரும்பலகையில் இதை எழுதிவிட்டு நான் திரும்பிப் பார்க்க வேண்டும். உதைப்புத் தண்டு என்பதற்கே பின்பெஞ்சு இரண்டு நாள் சிரித்தது.

பு. எழுதியது:

சரி அம்மா, திரும்பப் பெறுகிறேன். “அந்தாதி”? ஒன்றின் முடிவில் அடுத்தது தொடங்குகிறது.

இ. எழுதியது:

அந்தம், ஆதி இரண்டும் வடசொல். ஈறுதொடங்கி என்று சொல்லுங்கள். அப்போதும் பொருள் பொருந்தாது. அந்தாதியில் ஒரு பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த பாட்டு தொடங்கும். இங்கே முடிவதற்குள்ளேயே தொடங்குகிறது. அதற்குத்தான் கவிவு என்றேன்.

பு. எழுதியது:

அப்படியானால் “அந்தி”. பகல் இன்னும் போகவில்லை, இரவு வரத் தொடங்கிவிட்டது. இது சந்தியா என்பதன் சிதைவு என்று இ. பாயும் முன்பே சொல்லிவிடுகிறேன். அந்துதல் என்றால் நெருங்குதல், கிட்டுதல். அதிலிருந்தே அந்தி என்பது என் துணிபு. அந்தியும் சந்தியும் ஒலியால் ஒத்தவை, பிறப்பால் அல்ல. இன்னொன்றும் கேளுங்கள். இந்த வண்டிகளின் தடதடப்பை யாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வெடிப்பு கிட்டத்தில், அடுத்தது தள்ளி. குறில், நெடில், குறில், நெடில். எஞ்சின் செய்யுள் பாடுகிறது.

வே. எழுதியது:

45 டிகிரி வி-ட்வினில், அதாவது இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் எஞ்சினில், இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில் உட்கார்ந்திருக்கும். அதனால் வெடிப்புகளுக்கு நடுவே ஒரு இடைவெளி 315 டிகிரி, மற்றது 405. சேர்த்தால் 720, கிராங்க் இரண்டு சுற்று. விகிதம் ஏழுக்கு ஒன்பது. குறிலும் நெடிலும் ஒன்றுக்கு இரண்டு. மாத்திரை உதைக்குது ஐயா.

மா. எழுதியது:

இன்று புதன்.

வே. எழுதியது:

மா., எந்தச் சொல்லைப் போட்டாலும் படிக்கிறவனுக்கு ஒன்று உறைக்க வேண்டும்: பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இரண்டு வால்வும் கீழே இறங்கியிருக்கின்றன, இடம் போதாவிட்டால் மோதும். போன கேம் வேலையில் சின்னப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில், வால்வுக்காகக் குடைந்திருக்கும் பள்ளத்தில் அப்பினேன். ஒட்டாமல் இருக்க மேலே எண்ணெய்த் தடவல். பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, போல்ட் முறுக்கி, கையாலேயே கிராங்கை இரண்டு முழுச்சுற்று. திறந்து பார்த்தால் களிமண்ணில் இரண்டு பிறை பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி மெலிந்த இடத்தை அளந்தேன். இன்டேக் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. எனக்கு எக்ஸாஸ்ட் பக்கம் 1.4 வந்தது. மாட்டாமல் எடுத்து வைத்துவிட்டேன். கவிவு என்றும் அந்தி என்றும் போட்டால் இந்தப் பயம் வருமா?

ல. எழுதியது:

வே. எழுதியதிலேயே விடை இருக்கிறது. இரண்டும் உடன் திறந்திருக்கின்றன. “உடன்திறப்பு”. உடன்பிறப்பு என்பது எல்லார் வாயிலும் இருக்கிற சொல், அந்த வாய்ப்பாட்டில் இது தானாக வந்து உட்காரும். இன்று வகுப்பில் விளக்கம் இல்லாமல் எழுதிப் போட்டேன். “ரெண்டும் ஒண்ணா தொறக்குதா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். எனக்கு அது போதும். “உடன்திறப்பைக் கூட்டினால் ஐட்லிங் கெடும், கீழ்வேக இழுவை குறையும்” என்று வாக்கியத்திலும் இடறாமல் வருகிறது.

இ. எழுதியது:

ஒன்றாகவா திறக்கின்றன? ஒன்று திறக்கும்போது மற்றது மூடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாணவன் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான், நீங்கள் மகிழ்கிறீர்கள். உடன்திறந்தநிலை என்றாலாவது பிழையில்லை.

ல. எழுதியது:

ஏழு எழுத்துக்குப் பதில் ஒன்பது எழுத்து. அட்டவணைத் தலைப்பில் இடமில்லை.

மா. எழுதியது:

வியாழன் இரவு. ல., வே., நான் மூவரும் உடன்திறப்பு. இ. கவிவு, பு. ஐயா அந்தி. உடன்திறப்பையே போட்டு அனுப்புகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஓவர்லேப். எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

இ. எழுதியது:

தூங்கும் முன் அட்டவணையைப் பாருங்கள். வால்வு 0.053 அங்குலம் எழும்பிய பிறகுதான் திறந்ததாகக் கணக்கு என்று மேலே போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் மென்மையான கேம் ஒன்றில் பிஸ்டன் உச்சிக்கு வர 1 டிகிரி இருக்கும்போதே எக்ஸாஸ்ட் மூடிவிடும், இன்டேக் உச்சி தாண்டி 2 டிகிரியில் திறக்கும் என்றால் ஓவர்லேப் கழித்தல் 3. உடன்திறப்பு கழித்தல் 3 டிகிரி என்றால் என்ன பொருள்? திறக்காத திறப்பா?

மா. எழுதியது:

அந்த வரிசை இருக்கிறது. கழித்தல் குறியோடு அப்படியே அனுப்பிவிட்டேன்.

பு. எழுதியது:

இ. கேட்டது நல்ல கேள்வி. என் சொல்லுக்கும் அதே சிக்கல்தான்: பகல் போன பிறகும் இரவு வராத அந்தி. அகராதியை எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் எழுதுகிறேன்.